செஷன் பெருத்துப்போனால்: அறிகுறியைப் பிடித்துக் காரணத்துக்குப் போகும் வழி

கூட்டுறவுச் சங்கத்தின் நெல் கொள்வனவு, அரிசி ஆலையின் பற்றுச்சீட்டு, டியூஷன் நிலையத்தின் வரவுப் பதிவு. வன்னியில் இப்படியான சின்ன இணையச் செயலிகளை எழுதிப் பராமரிப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். இவற்றில் அநேகமானவை ஒருவரோ இருவரோ சேர்ந்து எழுதியவை. ஒரு ஜிகாபைட் நினைவகம் உள்ள வாடகைச் சேர்வரிலோ அலுவலக மூலையில் இருக்கும் ஒரு கணினியிலோ ஓடுபவை. எழுதியவர் தனியே இருந்து ஐந்தாறு பதிவுகளைப் போட்டுப் பார்க்கும்போது எல்லாம் சரியாகத்தான் இருக்கும். மாசி, பங்குனியில் காலபோக அறுவடை வந்து, வாசலில் உழவு இயந்திரங்கள் வரிசையில் நிற்க, பத்துப் பேர் ஒரே நேரத்தில் மூட்டைக் கணக்குப் பதியும்போதுதான் தொலைபேசி அடிக்கத் தொடங்கும்.

அந்த அழைப்புகளில் கணிசமானவற்றின் வேர் செஷனில் இருக்கிறது. லொகின் செய்தவர் யார், அவர் எங்கே நிற்கிறார் என்பதை ஒரு கோரிக்கைக்கும் அடுத்த கோரிக்கைக்கும் இடையில் சேர்வர் நினைவில் வைத்திருக்கும் இடம் அது. இடம் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதால் கண்டதையும் அதற்குள் போட்டுவிடுகிறோம். என் உறுதியான கருத்து இதுதான்: ஒரு பொருளைத் தேடி எடுக்கும் எண்ணை மட்டும் செஷனில் வையுங்கள், பொருளை வைக்க வேண்டாம். கமக்காரரின் இலக்கம் போதும். அவருடைய முழு விபரமும் தரவுத்தளத்தில் இருக்கட்டும்.

பாவிக்கிறவர்கள் "செஷன் பெருத்துப்போச்சு" என்று சொல்ல மாட்டார்கள். அவர்கள் சொல்லும் வார்த்தைகளையே தலைப்பாக வைத்து, ஒவ்வொன்றிலிருந்தும் காரணத்துக்குப் போகலாம்.

முதலில் அளந்து பாருங்கள்

எந்த அறிகுறியாக இருந்தாலும், எதையும் மாற்றுவதற்கு முன் செஷன் எவ்வளவு பெரிது என்று பாருங்கள். உபுண்டு, டெபியன் இயங்குதளங்களில் பிஎச்பி மொழி தன் செஷன் கோப்புகளை வழக்கமாக வார் ஃபோல்டருக்குள், லிப், பிஎச்பி, செஷன்ஸ் என்ற வழியில் வைக்கிறது. அங்கே கோப்புகளை அளவின்படி அடுக்கி, மேலே நிற்கும் பத்தைப் பாருங்கள். தரவுத்தளத்தில் வைக்கிறீர்கள் என்றால் செஷன் அட்டவணையில் தரவு இருக்கும் நெடுவரிசையின் நீளத்தை இறங்கு வரிசையில் எடுங்கள். நினைவகத்தில் தரவை வைக்கும் ரெடிஸ் என்றால் அதன் கட்டளைக் கருவியில் பிக்கீஸ் என்ற தெரிவு இருக்கிறது. ஒவ்வொரு வகையிலும் மிகப் பெரிய சாவி (பெயரிட்டு வைத்த தரவு) எது என்று அது காட்டும்.

நான் வைத்திருக்கும் அளவுகோல்: நாலு கிலோபைட் வரை கவலையில்லை. பத்தைத் தாண்டினால் ஏன் என்று கேட்க வேண்டும். நூறைத் தாண்டினால் அது பிழை, இன்றைக்கு வேலை செய்தாலும் பிழைதான்.

பிஎச்பியின் செஷன் கோப்பைத் திறந்து வாசிக்கலாம், அது வெறும் எழுத்துத்தான். சாவியின் பெயர், ஒரு நேர்கோடு, அதன் பின் வகையும் எண்ணிக்கையும் இருக்கும். எஸ் என்று தொடங்கினால் எழுத்துச்சரம், பக்கத்தில் நிற்கும் எண் அதன் பைட் நீளம். ஏ என்றால் வரிசை, எண் அதன் உருப்படிகளின் எண்ணிக்கை. ஒரு நெல் கொள்வனவுச் செயலியின் கோப்பில் "ஃபார்மர்_லிஸ்ட்|ஏ:1240" என்ற மாதிரி ஒரு வரி கண்ணில் பட்டால் கதை விளங்கிவிடும். யாரோ ஒருவர் பெயரைத் தேடியபோது வந்த 1240 கமக்காரர்களின் முழுப் பட்டியலும், அடுத்த பக்கத்துக்குப் போக வசதி என்று செஷனில் குந்தியிருக்கிறது. அவர் "முகப்பு" என்று அழுத்தினாலும் சேர்வர் அந்த 1240 பேரையும் வாசித்து, விரித்து, திரும்ப மடித்து எழுதிக்கொண்டிருக்கும்.

ஒரு கோப்பைக் கண்ணால் பார்ப்பதை விட, ஒவ்வொரு கோரிக்கையின் முடிவிலும் செஷனின் ஒவ்வொரு சாவியையும் தனித்தனியே சீரியலைஸ் செய்து, அதாவது எழுத்துச்சரமாக மடித்து, நீளத்தை ஒரு லொக் கோப்பில் எழுதும் சின்னத் துண்டு நிரல் நல்லது. பத்து வரி வராது. ஒரு நாள் ஓடவிட்டால் எந்தப் பக்கம் எந்தச் சாவியைப் பெருக்க வைக்கிறது என்று தெரிந்துவிடும்.

ஒன்றைக் கவனியுங்கள். இந்தக் கோப்புகளுக்குள் ஆட்களின் அடையாள அட்டை இலக்கமும் வங்கிக் கணக்கு இலக்கமும் கிடக்கும். உதவி கேட்பதற்காக அதைப் படம் எடுத்து வட்ஸ்அப் குழுவில் போட வேண்டாம். சாவியின் பெயரும் நீளமும் போதும்.

"ஒண்டில அறிக்கை ஓடேக்க மற்ற டேப் இறுகி நிக்குது"

இது மிக அதிகம் வரும் முறைப்பாடு. பிழையான இடத்தில் தேடப்படுவதும் இதுதான். இணைப்பு மந்தம் என்பார்கள், சேர்வரை மாற்ற வேண்டும் என்பார்கள். தரவுத்தளத்துக்கு இண்டெக்ஸ் போட்டுப் பார்ப்பார்கள்.

சோதனை எளிது. ஒரு டேப்பில் நேரமெடுக்கும் அறிக்கை ஒன்றை ஓடவிடுங்கள், போகத்தின் முழுக் கொள்வனவு அறிக்கை மாதிரி. அது முடியுமுன் அதே உலாவியில் இன்னொரு டேப்பில் முகப்புப் பக்கத்தைத் திறவுங்கள். அது அறிக்கை முடியும்வரை நிற்கிறதா? இப்போது ஒரு பிரைவேட் விண்டோவில் அதே கணக்கால் லொகின் செய்து திரும்பப் பாருங்கள். அங்கே உடனே வருகிறது என்றால் சேர்வரில் குறையில்லை, இணைப்பிலும் குறையில்லை. செஷன் பூட்டுத்தான் காரணம்.

பிஎச்பி கோப்பில் செஷன் வைக்கும்போது, செஷனைத் தொடங்கிய கணத்தில் அந்தக் கோப்பைத் தனக்கென்று பூட்டிக்கொள்ளும். நிரல் முழுவதும் ஓடி முடிந்தபின்தான் பூட்டைத் திறக்கும். அதே ஆளின் அடுத்த கோரிக்கை வாசலில் நிற்க வேண்டியதுதான். ஒரு பக்கத்தில் ஆறு பெட்டிகள் இருந்து, அவை தனித்தனியே பின்னணியில் தரவைக் கேட்டால், ஆறும் ஒன்றாக ஓடாமல் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் ஓடும். செஷன் பெரிதாக இருந்தால் ஒவ்வொரு முறையும் விரித்து மடிக்கும் நேரமும் அந்த வரிசையில் சேர்ந்துகொள்ளும்.

திருத்தம்: செஷனில் வாசிக்க வேண்டியதை வாசித்து, எழுத வேண்டியதை எழுதி முடித்த உடனேயே செஷன்_ரைட்_க்ளோஸ் என்று மூடிவிடுங்கள், அதன் பிறகு நீண்ட வேலையைத் தொடங்குங்கள். வாசிக்க மட்டும் வேண்டிய பக்கங்களுக்கு இன்னும் நேரான வழி இருக்கிறது: பிஎச்பி 7.0 இலிருந்து செஷனைத் தொடங்கும்போதே ரீட்_அண்ட்_க்ளோஸ் என்ற தெரிவைக் கொடுக்கலாம், வாசித்த கையோடு பூட்டு விடுபடும். ஒன்றை மறக்காதீர்கள், மூடியபின் செஷனுக்குள் போடும் எதுவும் சேமிக்கப்படாது. பிழைச் செய்தியும் வராது. ஆகவே "வெற்றிகரமாகப் பதியப்பட்டது" போன்ற ஒருமுறைச் செய்திகளை மூடுவதற்கு முன் போட்டுவிடுங்கள்.

"சேர்த்ததைக் காணேல்லை"

பூட்டுத் தொல்லை என்று சொல்லி ரெடிஸுக்கு மாறுகிறவர்கள் பலர். பிஎச்பியின் ரெடிஸ் இணைப்பில் செஷன் பூட்டு இயல்பாக அணைந்துதான் இருக்கும். லாராவெல், ஜாங்கோ என்ற செயலிச் சட்டகங்கள் இரண்டும் தாமாகச் செஷனைப் பூட்டுவதில்லை. வேகம் வரும், ஆனால் வேறொரு தொல்லையும் கூடவே வரும்.

எழுதுவினைஞர் இரண்டு டேப்பில் இரண்டு கமக்காரரின் மூட்டைகளைப் பதிகிறார் என்று வைப்போம். மூட்டை வரிகள் எல்லாம் செஷனில் ஒரு பட்டியலாக இருக்கின்றன. முதல் கோரிக்கை பட்டியலை வாசிக்கிறது, இரண்டாவதும் அதே பட்டியலை வாசிக்கிறது. முதலாவது தன் வரியைச் சேர்த்து எழுதுகிறது. இரண்டாவது தன்னிடம் இருக்கும் பழைய பட்டியலில் தன் வரியைச் சேர்த்து, முழுச் செஷனையும் மேலே எழுதுகிறது. முதல் வரி போய்விட்டது. "அண்ணை, நான் வடிவாப் பதிஞ்சனான், இப்ப ரெண்டு மூட்டை குறைய நிக்குது" என்று அவர் சொல்வது முழு உண்மை. லொக்கில் ஒரு பிழையும் இராது.

பூட்டைப் போட்டால் இது நிற்கும், பழைய தாமதம் திரும்பும். சரியான இடம் தரவுத்தளம். முடிக்காத பற்றுச்சீட்டுக்கென்று ஒரு வரைவு அட்டவணை வைத்து, ஒவ்வொரு மூட்டை வரியையும் அது வந்த கையோடு அங்கே எழுதுங்கள். செஷனில் வரைவின் இலக்கம்கூட வேண்டியதில்லை, அதைப் பக்கத்தின் முகவரியிலேயே வைக்கலாம். ஒவ்வொரு கோரிக்கையிலும் அந்த வரைவு அந்த ஆளுக்குரியதுதானா என்று மட்டும் சரிபாருங்கள். அப்போது இரண்டு டேப்பும் இரண்டு வேறு வரைவுகள், ஒன்றை ஒன்று தொடாது. கரண்ட் போய் உலாவி மூடிப்போனாலும், திரும்ப வந்து விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

"ஒருத்தராலயும் உள்ளுக்கப் போகேலாமக் கிடக்கு"

கடவுச்சொல் சரி, அழுத்தினால் திரும்பவும் லொகின் பக்கமே வருகிறது. எல்லோருக்கும் ஒரே மாதிரி. லொக்கைப் பார்த்தால் சாதனத்தில் இடமில்லை என்று சொல்லும் "நோ ஸ்பேஸ் லெஃப்ட் ஆன் டிவைஸ்". டிஎஃப் கட்டளையைப் போட்டால் வட்டில் பாதி இடம் வெறுமையாக இருக்கும். இங்கேதான் பலர் குழம்புகிறார்கள்.

டிஎஃப் கட்டளையை ஐ என்ற தெரிவோடு இன்னொருமுறை போடுங்கள். இப்போது அது ஐநோட் எண்ணிக்கையைக் காட்டும். எக்ஸ்ட்4 கோப்பு முறையில் ஒவ்வொரு கோப்புக்கும் அதன் விபரத்தைப் பதியும் ஒரு ஐநோட் வேண்டும். வட்டைத் தயார் செய்யும்போதே வழக்கமாக 16 கிலோபைட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் ஒதுக்கி முடிந்துவிடும். 20 ஜிகாபைட் வட்டென்றால் ஏறத்தாழ 13 லட்சம். வெறும் நூறு பைட் செஷன் கோப்பும் ஒன்றை எடுக்கும். ஐநோட் நூறு சதவீதம் என்று நின்றால் இடம் இருந்தும் ஒரு புதுக் கோப்பைக்கூட உருவாக்க முடியாது. லொகின் நிற்காததன் காரணம் அதுதான்.

முதலுதவி: பழைய செஷன் கோப்புகளை அழிப்பது. ஃபோல்டருக்குள் போய் எல்லாவற்றையும் நட்சத்திரக் குறியால் அழிக்கப் பார்த்தால் பட்டியல் மிக நீளம் என்று மறுத்துவிடும். ஃபைண்ட் கட்டளையில் டிலீட் தெரிவைப் பாவியுங்கள், எம்மின் தெரிவால் ஒரு நாளாகத் தொடப்படாத கோப்புகளை மட்டும் பிடியுங்கள். இதில் ஒரு இடறல் இருக்கிறது. பிஎச்பியின் இயல்பான செஷன் ஆயுள் 1440, அது வினாடி, அதாவது 24 நிமிடம். ஃபைண்டின் எம்மினுக்கு 1440 கொடுத்தால் அது நிமிடம், அதாவது 24 மணித்தியாலம். எண் ஒன்றென்று கலந்துகொள்ள வேண்டாம். முழுவதையும் அழித்தால் வேலையில் இருப்பவர்கள் எல்லாரும் வெளியே விழுவார்கள். அறுவடைக் காலத்துப் பகலில் அதைச் செய்யாதீர்கள்.

அடுத்தது, ஏன் அவ்வளவு கோப்பு சேர்ந்தது? இரண்டு பக்கமும் பார்க்க வேண்டும்: ஏன் அழியவில்லை, ஏன் உருவாகின்றன.

அழியாததன் காரணம் பெரும்பாலும் இது. பிஎச்பி தன் இயல்பில், நூறு கோரிக்கைக்கு ஒன்று என்ற நிகழ்தகவில் பழைய செஷன்களைத் தானே கூட்டித் துப்புரவாக்கும். டெபியனும் உபுண்டுவும் அதை அணைத்துவிட்டு, அந்த வேலையை ஒவ்வொரு மணியிலும் 09 ஆம் 39 ஆம் நிமிடங்களில் ஓடும் தனி நிரலுக்குக் கொடுத்திருக்கின்றன. அந்த நிரல் பிஎச்பியின் பொது அமைப்புக் கோப்பில் உள்ள ஃபோல்டரையும் ஆயுளையும்தான் பார்க்கும். நீங்கள் செயலியின் நிரலுக்குள்ளேயே செஷன் ஃபோல்டரை வேறு இடத்துக்கு மாற்றியிருந்தால் அதற்குத் தெரியாது, அங்கே யாரும் கூட்ட மாட்டார்கள். கோப்புகள் மாதக்கணக்கில் சேரும்.

இதே நிரல் எதிர்ப்பக்கமாகவும் கடிக்கும். "எட்டு மணித்தியாலம் என்று போட்டும் அரை மணியில் வெளியே தள்ளுகிறது" என்று வரும் முறைப்பாடுகளில், ஆயுள் நிரலுக்குள் மட்டும் மாற்றப்பட்டிருக்கும். கூட்டும் நிரலுக்கு இன்னமும் 24 நிமிடம்தான் தெரியும். ஆயுளைப் பொது அமைப்புக் கோப்பில் மாற்றுங்கள்.

ஜாங்கோவில் தரவுத்தளத்தில் இருக்கும் காலாவதியான செஷன்கள் தாமாகப் போகாது. க்ளியர்செஷன்ஸ் கட்டளையைத் தினமும் ஓடும்படி, குறித்த நேரத்தில் கட்டளைகளை ஓட்டும் கிரோனில் நீங்களே போட வேண்டும். லாராவெல் நூற்றுக்கு இரண்டு கோரிக்கை என்ற சீட்டிழுப்பில் தானே கூட்டும்.

இனி, உருவாகும் பக்கம். ஒரு சின்னச் சங்கத்தில் இருபது பேர் லொகின் செய்கிறார்கள், கோப்பு பல லட்சம் என்றால் அவை மனிதர்கள் உருவாக்கியவை அல்ல. தேடுபொறிகளுக்காகப் பக்கங்களை வாசித்துத் திரியும் நிரல்கள், ஓட்டைகளைத் தேடி அலையும் நிரல்கள், சேர்வர் உயிரோடு இருக்கிறதா என்று நிமிடத்துக்கொருமுறை தட்டிப் பார்க்கும் கண்காணிப்புச் சேவை, இவை பெரும்பாலும் குக்கியை, அதாவது சேர்வர் உலாவியிடம் கொடுத்து வைக்கும் அடையாளத் துண்டை, திருப்பி அனுப்புவதில்லை. ஒவ்வொரு தட்டலுக்கும் ஒரு புதுச் செஷன். நிமிடத்துக்கு ஒன்றென்றால் கண்காணிப்புச் சேவை மட்டும் ஒரு நாளில் 1440 கோப்புகளை உண்டாக்கும். நெல் விலைப் பட்டியல், தொடர்பு விபரம் போன்ற பொதுப் பக்கங்களில் செஷனையே தொடங்காதீர்கள். குக்கி இருந்தால் மட்டும், அல்லது லொகின் நடக்கும்போது மட்டும் தொடங்குங்கள். எக்ஸ்பிரஸ் சட்டகம் பாவிக்கிறவர்கள் சேவ்அன்இனிஷியலைஸ்ட் என்ற அமைப்பை ஃபோல்ஸ் ஆக்கினால் வெறும் செஷன்கள் சேமிக்கப்படாது.

"கனக்கப் பதிஞ்ச ஆக்களைத்தான் வெளியில தள்ளுது"

இந்த வாக்கியத்தைக் கேட்டால் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். எல்லோருக்கும் வருவதில்லை, கூட வேலை செய்பவருக்குத்தான் வருகிறது. அளவு எங்கோ ஒரு எல்லையில் முட்டுகிறது.

மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்தில் செஷன் வைத்திருந்தால் நெடுவரிசையின் வகையைப் பாருங்கள். டெக்ஸ்ட் என்றால் அதன் எல்லை 65,535 பைட். மைஎஸ்கியூஎல் 5.7 இலிருந்து இயல்பாக இருக்கும் கண்டிப்பு முறையில், எல்லையைத் தாண்டினால் பிழை காட்டி மறுக்கும். அது நல்லது, லொக்கில் தெரியும். பழைய நிரல் உடைகிறது என்று யாராவது கண்டிப்பு முறையை அணைத்து வைத்திருந்தால், வாலை வெட்டிவிட்டு மிச்சத்தைச் சேமிக்கும். வால் வெட்டப்பட்ட செஷனை அடுத்த கோரிக்கையில் விரிக்க முடியாது. பிஎச்பி அதைச் செல்லாது என்று எறிந்துவிடும், ஆள் வெளியே நிற்பார். உறுதிப்படுத்த ஒரே கேள்வி போதும்: அந்த நெடுவரிசையில் அதிகபட்ச நீளம் எவ்வளவு? 65,535 என்று அச்சொட்டாக வந்தால் பிடிபட்டுவிட்டது.

நம்மவர்களின் செயலிகள் இந்த எல்லையை ஆங்கிலச் செயலிகளை விட வேகமாகத் தொடும். கணக்கை ஒருமுறை போட்டுப் பாருங்கள். "கிளிநொச்சி" கண்ணுக்கு ஐந்து எழுத்து. யூனிகோடில் அது பத்துக் குறிகள், விசிறியும் கொம்பும் புள்ளியும் தனித்தனிக் குறிகள் என்பதால். யுடிஎஃப்-8 இல் தமிழின் ஒவ்வொரு குறிக்கும் மூன்று பைட், ஆக 30 பைட். அதையே ஜேசன் என்ற தரவு வடிவமாக்கும்போது, பிஎச்பியும் பைத்தனும் இயல்பில் ஒவ்வொரு குறியையும் ஆறு எழுத்துள்ள தப்பிப்புக் குறியாக மாற்றும்: 60 பைட். அதைப் பேஸ்64 குறிமுறைக்கு மாற்றினால் மூன்றில் ஒரு பங்கு கூடும்: 80 பைட். ஒரு ஊர்ப் பெயர், 80 பைட். பெயர், தகப்பன் பெயர், ஊர், வாய்க்கால், சங்கம் என்று ஒருவருக்கு ஐந்து தமிழ்ப் புலங்கள் இருந்தால், சில நூறு பைட் என்று நினைப்பது ஆயிரத்தை நெருங்கும். நூறு பேரின் பட்டியலை வைத்தாலே டெக்ஸ்ட் நெடுவரிசையின் எல்லை தாண்டிவிடும்.

உடனடி நிவாரணத்துக்கு நெடுவரிசையை மீடியம்டெக்ஸ்ட் ஆக்குங்கள், அதன் எல்லை 16 மெகாபைட். ஜேசனில் யூனிகோடைத் தப்பிக்காமல் விடும் தெரிவையும் போடுங்கள், பாதியாகக் குறையும். ஆனால் அதோடு நின்றுவிட வேண்டாம். எல்லையைத் தள்ளிவைத்தால் அடுத்த போகத்தில் வேறொரு எல்லையில் முட்டும். நினைவகச் சேமிப்பான மெம்கேஷ்டில் ஒரு உருப்படிக்கு இயல்பான எல்லை ஒரு மெகாபைட்; தாண்டினால் சேமிப்பு நடக்காது, வெளியே தெரியும் அறிகுறி இதேதான்.

"இன்னுமொண்டு சேர்த்தா அது நிக்குதில்லை"

செஷன் குக்கிக்குள்ளேயே இருந்தால் இப்படி வரும். ஃபிளாஸ்க், ரெயில்ஸ் என்ற சட்டகங்கள் இயல்பாகவே செஷனைக் குக்கியில்தான் வைக்கின்றன. ஒரு குக்கிக்கு உலாவிகள் தரும் இடம் ஏறத்தாழ 4096 பைட். தாண்டினால் ரெயில்ஸ் தானே பிழை எழுப்பும். ஃபிளாஸ்க் எச்சரிக்கை எழுதும், அதைப் பார்க்காவிட்டால் உலாவி புதுக் குக்கியைச் சத்தமில்லாமல் தள்ளுபடி செய்யும். பழைய குக்கி அப்படியே இருக்கும், புதிதாகச் சேர்த்தது மட்டும் ஒருபோதும் நிற்காது. மேலே போட்ட தமிழ்க் கணக்கின்படி 4096 பைட்டுக்குள் ஐம்பது ஊர்ப் பெயர்கள்தான் அடங்கும்.

பல குக்கிகள் சேர்ந்து பெருத்தால் வெப் சேர்வரான என்ஜின்எக்ஸ் 400 பிழையோடு "ரிக்வெஸ்ட் ஹெடர் ஆர் குக்கி டூ லார்ஜ்" என்று காட்டும். பாவனையாளரிடம் குக்கியை அழிக்கச் சொன்னால் அப்போதைக்குச் சரியாகும், ஆனால் அது திரும்ப வரும். என்ஜின்எக்ஸின் தாங்கி அளவைக் கூட்டுவதும் அப்படித்தான்.

எல்லைக்குள் இருக்கும் குக்கிக்கும் விலை உண்டு. குக்கி ஒவ்வொரு கோரிக்கையோடும் மேலே ஏறும், அதே முகவரியில் இருக்கும் படங்களுக்கும் ஸ்டைல் கோப்புகளுக்கும்கூட. மூன்றரைக் கிலோபைட் குக்கியும் நாற்பது கோரிக்கையும் என்றால், பழைய எச்டிடிபி 1.1 இல் ஒரு பக்கம் திறக்க 140 கிலோபைட் மேலேற்றம். நகரத்தில் கண்ணாடியிழை இணைப்பில் இருந்து பார்ப்பவருக்கு இது தெரியாது. களஞ்சியத்துக்குப் பின்னால், தகரக் கூரைக்குக் கீழே, சிக்னல் ஒரு கோட்டில் நிற்கும் போனில் மூட்டை பதிபவருக்கு நன்றாகத் தெரியும். மேலேற்றம்தான் அங்கே எப்போதும் நலிந்தது. குக்கியில் அடையாள எண்ணை மட்டும் வைத்து, தரவைச் சேர்வருக்குக் கொண்டுபோங்கள்.

"ரீஸ்டார்ட் பண்ணினா நல்லா ஓடுது, பிறகு பழையபடி"

நினைவகத்தில் செஷன் வைக்கும் செயலி. எக்ஸ்பிரஸின் இயல்பான மெமரிஸ்டோர் நிஜப் பாவனைக்கு உரியதல்ல என்று அதன் ஆவணமே சொல்கிறது. ஜாவா சேர்வரான டொம்கட்டில் செஷன் இயல்பாக 30 நிமிடம் நினைவகத்தில் இருக்கும். ஒவ்வொன்றிலும் பெரிய பொருள் தொங்கினால் ஹீப் (செயலிக்கு ஒதுக்கிய நினைவகம்) நிறையும். ஆலை அலுவலகத்திலேயே சேர்வர் இருந்து கரண்ட் அடிக்கடி போகிறது என்றால், ஒவ்வொரு முறையும் எல்லோரும் வெளியே விழுவார்கள். செஷனை நினைவகத்துக்கு வெளியே, கோப்புக்கோ தரவுத்தளத்துக்கோ ரெடிஸுக்கோ கொண்டுபோங்கள். கொண்டுபோவதற்கு முன் மெலிய வையுங்கள், இல்லாவிட்டால் பாரம் இடம் மாறுமே தவிரக் குறையாது.

பிஎச்பியில் இதன் உறவுக்கார அறிகுறி, "134217728 பைட் நினைவக எல்லை தீர்ந்தது" என்ற பிழை செஷன் தொடங்கும் வரியிலேயே வருவது. அந்த எண் 128 மெகாபைட். ஒரு ஜிகாபைட் சேர்வரில் இந்த எல்லையை 512 ஆக்கினால், இரண்டு பேர் ஒன்றாக வந்தாலே சேர்வர் மூச்சுத் திணறும்.

ரெடிஸில் ஒரு தனிக் கவனம். கேஷையும் (தற்காலிகப் பிரதிகளையும்) செஷனையும் ஒரே ரெடிஸில் வைத்து, நிறைந்தால் எதையும் வெளியேற்று என்று கொள்கை போட்டிருந்தால், கேஷ் பெருக்கும்போது யாரோ ஒருவரின் செஷன் பலியாகும். வெளியேற்றாதே என்று போட்டிருந்தால் எழுதுவதே மறுக்கப்படும். எண்ணிட்ட இரண்டு தரவுத்தளங்களாகப் பிரித்தால் போதும் என்று நினைப்பவர்கள் உண்டு. போதாது, நினைவக எல்லை முழு ரெடிஸுக்கும் ஒன்றுதான். செஷனுக்கென்று தனி ரெடிஸை வேறு போர்ட்டில் ஓட்டுங்கள்.

"புதுசு ஏத்தினாப் பிறகு பழைய ஆக்களுக்கு மட்டும் பிழை"

முழுப் பொருள்களைச் செஷனில் வைத்ததன் விளைவு. நிரலில் நேற்றைய வகுப்பின் (கிளாஸ்) வடிவத்தில் மடித்து வைத்ததை இன்றைய வகுப்பால் விரிக்கப் பார்க்கிறது. புதிதாக லொகின் செய்பவருக்கு வராது, அதனால் உங்கள் கணினியிலும் வராது. செஷனில் எண்ணும் எழுத்துமே இருந்தால் இந்தப் பிழைக்கு இடமே இல்லை.

மெலிய வைக்கும் வேலை

இருக்கலாம்: ஆளின் இலக்கம், அவருடைய பொறுப்பு, மொழித் தெரிவு, படிவப் பாதுகாப்புக் குறி, ஒருமுறைச் செய்தி, எந்தப் போகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்ற தெரிவு. இவ்வளவும் சேர்ந்து ஒரு கிலோபைட் வராது.

எடுக்க வேண்டியவற்றில் தேடல் முடிவுகள் முதலிடம். 1240 பேரின் பட்டியலுக்குப் பதிலாகத் தேடிய சொல்லும் பக்க எண்ணும் முகவரியில் இருந்தால் போதும்; தரவுத்தளம் இருபது பேரை எடுத்துத் தரும். ஏற்றிய படங்களைச் செஷனில் பேஸ்64 ஆக வைத்திருப்பதையும் காணலாம், கோப்பாக எழுதி அதன் பெயரை வரைவு அட்டவணையில் வையுங்கள். பல படிகளில் நிரப்பும் படிவங்களும் வரைவுக்கே போகட்டும்.

வரைவு வந்தபின் ஆயுள் பற்றிய பிடுங்குப்பாடும் தணியும். எழுதுவினைஞர் தராசடிக்குப் போய் வருவதற்குள் 24 நிமிடம் போய்விடுகிறது, பதிந்தது அழிகிறது. அதனால்தான் பலர் ஆயுளை ஒரு கிழமைக்கு நீட்டுகிறார்கள், கோப்புகளும் அதற்கேற்பச் சேர்கின்றன. பதிந்தது வரைவில் பத்திரமாக இருந்தால், திரும்ப லொகின் செய்வது அவருக்குப் பெரிய சங்கடமில்லை. ஒரு வேலை நாளின் அளவுக்கு ஆயுள் போதும்.

மாற்றத்தை ஏற்றும்போது ஓடிக்கொண்டிருக்கும் பழைய செஷன்களில் அந்தப் பெரிய சாவிகள் இன்னமும் இருக்கும். லொகின் செய்தவரின் ஒவ்வொரு கோரிக்கையிலும் அந்தப் பெயருள்ள சாவிகள் இருந்தால் நீக்கும் ஒரு வரியைச் சில நாளுக்கு வைத்திருங்கள், ஆட்களை வெளியே தள்ளாமல் செஷன்கள் தாமாக மெலியும். சேமிப்பிடத்தையே மாற்றுவதென்றால் காலபோகக் கொள்வனவு முடிந்து சிறுபோகத்துக்கு முன் உள்ள இடைவெளியில், இரவில் செய்யுங்கள்.

அளவு எழுதும் அந்தத் துண்டு நிரலைக் கழற்ற வேண்டாம். எட்டுக் கிலோபைட்டைத் தாண்டினால் மட்டும் சாவியின் பெயரையும் பக்கத்தின் பெயரையும் லொக்கில் எழுதும்படி மாற்றி விடுங்கள். ஒவ்வொரு புதுப் பதிப்பையும் ஏற்றிய மறுநாள் அந்த லொக்கைத் திறந்து பாருங்கள். ஏதாவது வரி இருந்தால், முதல் நாள் யார் எந்தப் பக்கத்தில் கைவைத்தார்கள் என்பது எல்லோருக்கும் நினைவில் இருக்கும்போதே அதைத் திருத்தி விடலாம்.